அனுமதித்தவர் சந்திரிகா

வீட்டில் யாராவது கடவுச்சொல்லை மறந்துவிட்டுத் தலையைச் சொறிந்தால் சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்து எத்தனையோ வருடமாயிற்று. மனம் மட்டும் கோலசிலாங்கூர் கடைவீதியில், மாடியில் இருந்த அந்தக் குளிரூட்டிய கணினி அறைக்குப் போய் நின்றுகொள்ளும்.

1988ஆம் வருடம். அவளுக்கு இருபத்து மூன்று வயது. எண்ணெய்க்காக வளர்க்கும் ஏழு செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் வேலை. தோட்டங்களுக்குள் லோரிக்காரர்களிடம் சீட்டு கொடுத்தனுப்பிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு தோட்டத்து ஆபீஸிலும் ஒரு கணினி வைத்து, டெலிபோன் கம்பி வழியே செய்திகளை இங்கே அனுப்பும் ஏற்பாடு வந்தது. கம்பி இணையும்போது எழும் கீச்சென்ற சத்தம் அவளுக்குப் பிடிக்கும். யாரோ வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல இருக்கும்.

யார் உள்ளே வரலாம், யார் எதைப் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை மேனேஜர் தங்கராஜு அவளிடம் கொடுத்தார். பெயர், கடவுச்சொல், அதற்குப் பக்கத்தில் ஓர் எண். ஒன்று என்றால் படிக்க மட்டும். இரண்டு என்றால் எழுதவும் செய்யலாம். கடைசிக் கட்டம் ‘அனுமதித்தவர்’. அதையும் வைக்கச் சொன்னவர் தங்கராஜுதான்.

முதல் வாரம் வந்த பதினாலு கடவுச்சொற்களில் ஒன்பது ‘முருகன்’. அவள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் போட்டு, “அண்ணே, வேற பேரு குடுங்கலா, எல்லாரும் முருகனையே புடிச்சிக்கிட்டா எப்படி?” என்று கேட்டாள். ஒருவர் யோசித்து ‘வேலன்’ என்றார். எல்லாருடைய ரகசியமும் அந்தப் பட்டியலில் அவள் கண்ணெதிரே கிடந்தது. ஒரு நாளும் ஒருவருடையதையும் வெளியே சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை காலை கங்கா மிஸி பஸ் ஏறி வந்தாள். புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்துக் கிளினிக்கில் தாதி. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒன்று.

“மருந்து அடிக்கிற பொம்பளைங்க கையெல்லாம் தோல் உரியுது. காளியம்மாவுக்கு நகமே கழண்டு போச்சு. நாலு தடவ எழுதி, கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பச் சொல்லி ஆபீஸ் கிராணிகிட்ட குடுத்தேன். இங்க வந்துச்சா?”

சந்திரிகா அந்தத் தோட்டத்துச் செய்திகளை முதலிலிருந்து தேடினாள். உர மூட்டைக் கணக்கு, டிராக்டர் டயர், கோயில் திருவிழா லீவு. கை உரிந்த சேதி ஒன்றுகூட இல்லை.

“வரல மிஸி.”

கங்கா கைப்பையைத் திறந்து மூடினாள். “போனும் அவரு மேசமேலதான் இருக்கு. நான் என்னா செய்றது?”

சந்திரிகாவின் அம்மாவும் மருந்து அடித்தவள்தான். கை எரியும் என்று இரவுச் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவாள். அதை நினைத்தாளோ என்னவோ, பட்டியலைத் திறந்து ஒன்றை இரண்டாக்கினாள். கடைசிக் கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள்.

“மத்தியானம் கிராணி சாப்பிடப் போவாருல்ல? அப்ப ஒக்காந்து நீங்களே எழுதுங்க. கம்பெனி தலைமை டாக்டர் பேருக்கே அனுப்புங்க.”

மறுநாள் பன்னிரண்டரைக்கு அந்தச் செய்தி வந்தது. பதினேழு பெண்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கை, எத்தனை நாள் என்று. சந்திரிகா எழுந்து ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை தங்கராஜு கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

“மிஸிக்கு யாரு தொறந்து விட்டது?”

“நான்தான் சார். பேரு போட்டிருக்கேன்.”

“அத அழிச்சிடும்மா. மெஷின் கோளாறுன்னு நான் எழுதிடுறேன். உனக்கு ஒண்ணும் வராது.”

“கோளாறுன்னா அந்த பதினேழு பேரும் கோளாறுன்னு ஆயிடும் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திங்கட்கிழமை அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். தூசியும் பல்லியும் பழைய சம்பளப் புத்தகங்களும். மாடியிலிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தானாக நிற்கும். இப்படி இரண்டு மாதம் போயிற்று.

இதற்கிடையே டாக்டர் தோட்டத்துக்கு நேரில் போயிருந்தார். கையுறையும் பூட்ஸும் வந்தன. காளியம்மாவுக்குக் கன்று வளர்க்கும் நாற்று மேட்டில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். ஏழு தோட்டத்துத் தாதிகளுக்கும் எழுதும் அனுமதி கொடுக்க வேண்டுமென்று தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதைப் பட்டியலில் ஏற்றத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். தங்கராஜு தானே கோப்பு அறை வரைக்கும் இறங்கி வந்தார். “மேல வாம்மா,” என்றார்.

அந்த ஏற்பாடு அப்புறம் ஐந்து வருடம் ஓடியது. சாயங்காலம் நாலரைக்கு, வேலைச் செய்திகள் ஓய்ந்தபின், கங்காவிடமிருந்து இரண்டு வரி வரும். மழை பெய்கிறதா, என்ன குழம்பு, உன் கல்யாணப் பேச்சு என்ன ஆச்சு என்று. சந்திரிகா பதில் அடித்துவிட்டு, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கம்பியில் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.