வெளிச்சம் வந்தால் பேச்சு கேட்காது

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடமிருந்து ரத்னபாய் அந்தச் சின்ன டிராக்டரை வாங்கியபோது ஆரியங்கோட்டுக்காரர்கள் வேலியோரம் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. முன்னால் போக ஒரு கியர், பின்னால் வர ஒரு கியர், அவ்வளவுதான் வண்டி. ரப்பர் மரங்களுக்கு நடுவே புகுந்து உழும். பின்னால் பெட்டியை மாட்டினால் ரப்பர் ஷீட்டும் மரச்சீனிக் கிழங்கும் சுமக்கும். கணவன் இறந்தபின் தோட்டத்தையும் வண்டியையும் அவளே ஓட்டினாள். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அந்தக் குரலுக்காகவே சபைப் பாட்டுக்குழுவில் அவளுக்கு முன்வரிசை.

பாட்டுப் பயிற்சி பாறசாலைப் பக்கத்தில் இருந்த வேதக்கோவிலில் நடக்கும். முடிய அந்தியாகிவிடும். வண்டியில் விளக்கு கிடையாது. ஒரு நாள் திரும்பி வரும்போது யாருடைய வைக்கோல் போரிலோ ஏறி, பாதிப் போரை இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் பாறசாலையில் பஸ் ரிப்பேர் செய்யும் நேசையனை வரச்சொன்னாள்.

நேசையன் வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தான்.

“அக்கா, பஸ்சுக்க பழைய டைனமோ ஒண்ணு எனக்க கையில உண்டு. எஞ்சினோட ஒரு பெல்ட்டு போட்டுக் கோத்தா அது சுத்தும். சுத்தினா கரண்டு வரும். முன்னால ரெண்டு பஸ் லைட்டு. பின்ன பாருங்க, திருவிதாங்கூர்ல வேற ஒரு டிராக்டரும் இதுக்கிட்ட நிக்காது.”

“பேட்டரி வேண்டாமா?”

“பேட்டரி எதுக்கு? சைக்கிள்ல டைனமோ வச்சு லைட்டு எரிக்கானுவ. அதுல பேட்டரியா இருக்கு?”

அவள் யோசித்தாள். சரியாகத்தான் பட்டது.

நேசையன் மட்கார்டில் ஓட்டை போட்டு விளக்குகளை முறுக்கினான். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் மட்டும் போனது. திரும்பிவர வயர் எங்கே என்று ரத்னபாய் கேட்டதற்கு, “வண்டிக்க இரும்பே வயராக்கும்” என்றான். எஞ்சினைக் கிளப்பி ஆக்சிலேட்டரை அவள் ஒரு மிதி மிதித்தாள். தோட்டம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்த நொடி இரண்டு பல்பும் வெடித்தன. நேசையன் வேறு பல்பு போட்டு, ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டினான்.

“இதுக்கு மேல அமுங்காது. இனி பல்பு வெடிக்கும்னு பேடிக்காண்டாம்.”

பல்பு அதன்பின் வெடிக்கவில்லை. ஆனால் வண்டி மெதுவாகப் போனால் விளக்கு பீடித் துண்டு போல மினுங்கியது. வேகமாகப் போனால்தான் ரோடு தெரிந்தது. அந்த ரோட்டிலோ ஆளை விழுங்கும் குழிகள். குழியைப் பார்க்க வேகம் வேண்டும். அந்த வேகத்தில் பார்த்து முடிப்பதற்குள் குழிக்குள் இருப்பாள். ரத்னபாய் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகவே போகப் பழகினாள்.

அது ஐம்பத்துநாலாம் வருஷம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று எங்கும் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது. தங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று சாயாக்கடைகளில் கிளாஸ் பறந்தது. போலீஸ் வண்டியைக் கண்டால் ஆட்கள் ரப்பர் தோட்டத்துக்குள் ஓடினார்கள். ரத்னபாய்க்கு இதில் அக்கறையில்லை. “ராச்சியம் எதானாலும் ரோட்டுல குழி உண்டு” என்பாள்.

அக்கறை முழுவதும் அவள் சித்தப்பா மகன் சத்தியதாசுக்குத்தான். அவன் நல்ல பேச்சாளன். ஆனால் போராட்டக் கமிட்டியில் எல்லாரும் ஒருமுறையாவது ஜெயிலுக்குப் போய் மாலையோடு திரும்பியிருக்க, இவனை மட்டும் யாரும் பிடிக்கவில்லை. மாமியார் வீட்டில்கூட அதைச் சொல்லிக்காட்டினார்கள். ஆகவே, கேட்ட மாத்திரத்தில் விலங்கு பூட்டும்படியான ஒரு பேச்சை அவன் எழுதி மனப்பாடம் செய்தான். ரோட்டோர மைதானத்தில் கூட்டம். பேச்சைக் குறிப்பெடுக்க ஹெட் கான்ஸ்டபிள் கருணாகரன் வந்திருந்தார். அவருக்கு முதல் வரிசையில் நல்ல ஸ்டூல் போடச்சொன்னதே சத்தியதாஸ்தான்.

அன்று சாயங்காலம் திடீரென்று ஒரு காற்றுமழை வந்து போனது. கூட்டத்தின் ஒரே பெட்ரோமாக்ஸ் அணைந்து மேண்டில் உதிர்ந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் ரத்னபாய் பாட்டுப் பயிற்சி முடிந்து இரண்டு விளக்கும் ஜொலிக்க வந்தாள். போலீஸ் வண்டியென்று நினைத்துப் பாதிக் கூட்டம் ஓடியது. டிராக்டர் என்று தெரிந்ததும் திரும்பி வந்தது.

சத்தியதாஸ் ஓடிவந்து வண்டியை மறித்தான். “அக்கா, கொஞ்சம் லைட்ட மேடைக்கு நேரே காட்டு. எனக்க மானம் உனக்க கையில.”

“எனக்கு வீட்டுல கோழி அடைக்கணும்.”

“கோழியா பெருசு? ஒரு கால் மணிக்கூர் போதும் அக்கா!”

ரோடு முழுக்க ஆட்கள். எப்படியும் போக முடியாது. வண்டியை மேடைக்கு நேராகத் திருப்பி நிறுத்தி, கிளச்சை அமுக்கி ஆக்சிலேட்டரை மிதித்தாள். சத்தியதாஸ் தலை முதல் கால் வரை பிரகாசித்தான். கையை உயர்த்தி, நெஞ்சைத் தட்டி, விரலை நீட்டி வாயை அசைத்தான். எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“கேக்கல்ல! கேக்கல்ல!” என்று கூட்டம் கத்தியது.

ரத்னபாய் காலைத் தளர்த்தினாள். சத்தம் அடங்கியது. விளக்கும் அடங்கியது. இருட்டுக்குள்ளிருந்து, “சகோதரர்களே!” என்ற குரல் தெளிவாக வந்தது.

“அம்மா, வெளிச்சம்! எழுதான் பற்றுன்னில்லா!” என்று எழுத முடியாமல் கருணாகரன் மலையாளத்தில் கூவினார்.

அவள் மிதித்தாள். கருணாகரன் பென்சிலோடு குனிந்தார். பேச்சு போய்விட்டது. “எந்தா பறஞ்ஞது?” என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அந்த ஆள் சொன்ன பதிலும் கேட்கவில்லை.

“ஏ அக்கா, சத்தம்!” என்று மேடை கையாட்டியது. “வெளிச்சம்!” என்று ஸ்டூல் கையாட்டியது. ரத்னபாயின் கால் ஏறி இறங்கியது. சர்க்காரை வெளுத்துவாங்கிய வரிகளெல்லாம் வெளிச்சத்தில் போயின. இருட்டில் அகப்பட்டவை “சகோதரர்களே”, “மேலும்”, “கொஞ்சம் தண்ணி தாங்க” ஆகியவைதான். கடைசியில் கால் மரத்துப்போய் அவள் கிளச்சை விட்டுவிட்டாள். வண்டி ஒரு குதி குதித்து மேடையின் முன்காலை இடித்தது. சத்தியதாஸ் அப்படியே கருணாகரன் மடியில் வந்து விழுந்தான். கூட்டம் இனிதே முடிந்தது.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. சத்தியதாஸ் குளித்து, கதர் உடுத்தி வாசலில் காத்திருந்தான். போலீஸ் அவன் வீட்டைக் கடந்து ரத்னபாய் வீட்டுக்குப் போனது. வெற்றுத்தாளோடு திரும்பியதற்குக் கருணாகரன் மேலதிகாரிக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. டிராக்டர் சத்தத்தால் போலீசின் கடமையைத் தடுத்தது குற்றமென்று கேஸ்.

அந்த வருஷம் ஸ்டேஷனுக்குள் போனவர்கள் எப்படி அடிவாங்கித் திரும்பினார்கள் என்று ரத்னபாய்க்குத் தெரியும். இருந்தாலும் பாலராமபுரம் சேலையை எடுத்து உடுத்தி, ஜெபம் பண்ணிவிட்டு, “கேசுக்கு வண்டிதானே சாட்சி? அதுலயே வாறேன்” என்று டிராக்டரிலேயே போனாள். ஸ்டேஷன் பெஞ்சில் மத்தியானம் வரை உட்காரவைத்து, பிறகு கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மாஜிஸ்ட்ரேட் இரண்டு தரப்பையும் கேட்டார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வண்டியைக் கிளப்பிக் காட்டுங்கள்” என்றார்.

கோர்ட்டு முற்றத்தில் ரத்னபாய் எஞ்சினைக் கிளப்பினாள். வக்கீல்கள் ஜன்னலில் தொங்கினார்கள். மாஜிஸ்ட்ரேட் வராந்தாவில் நின்று கருணாகரனுக்கு ஏதோ சொல்லி எழுதச்சொன்னார். கருணாகரன் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். மாஜிஸ்ட்ரேட் இன்னும் உரக்கச் சொன்னார். கருணாகரன் சல்யூட் அடித்தார். மாஜிஸ்ட்ரேட் சிரித்துவிட்டார். அதோடு தீர்ப்பையும் சொன்னார் போலிருக்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. குமாஸ்தா வந்து கையை வீசி, போகலாம் என்று காட்டினார்.

வாசலில் கமிட்டி முழுவதும் நின்றது. போராட்டத்துக்காகப் போலீஸ் பிடித்துப்போன ஆள் வெளியே வந்தால் மாலை போட வேண்டும் என்பது அவர்கள் முறை. சத்தியதாஸ்தான் போட வேண்டியிருந்தது. புளி தின்ற முகத்தோடு போட்டான்.

“எனக்க பேச்சு, உனக்கு மாலை. நல்லாயிருக்கு அக்கா.”

ரத்னபாய் மாலையை முகர்ந்து பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கழுத்தில் விழுந்த முதல் மாலை. பிடித்துத்தான் இருந்தது. “போகட்டும் மக்கா, அடுத்த தடவ உன்னப் பிடிப்பானுவ” என்று அவன் தோளைத் தட்டினாள்.

பேசச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். அவள் டிராக்டர் மேலேயே ஏறி நின்று, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆரியங்கோட்டு ரோட்டில் எந்தெந்த வளைவில் என்னென்ன குழி உண்டு, எதில் யார் விழுந்தார்கள் என்பதை வரிசையாகச் சொன்னாள். தாலுகாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கருணாகரன் கடைசி வரை நின்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். பிறகு தன் சைக்கிள் போன மாசம் விழுந்த குழியை அவள் விட்டுவிட்டதாகச் சொல்லி, அதையும் சேர்க்கச்சொன்னார்.