மிக்கேல் சம்மனசின் கட்டைவிரல்

என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு மரக் கட்டைவிரலின் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள்.

பருத்திப்பட்டு கோயிலின் பக்கப் பீடத்தில் நிற்கும் மிக்கேல் சம்மனசுக்கு, அதாவது தேவதூதர் சிலைக்கு, நூறு வயதுக்கு மேல். மெழுகுவர்த்திப் புகையும் எண்ணெய்க் கைகளும் பட்டுப் பட்டு, பாறைமேல் வைத்த கரிமூட்டை மாதிரி ஆகிவிட்டார். பழைய சிலைகளைச் செப்பனிடுவது என் தொழில். திருவிழாக் கொடியேற்றத்துக்குள் அவரைப் பழையபடி ஆக்கித் தரும்படி பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

நான் காதலிக்கும் எழிலும் அதே பங்குதான். அவன் அம்மா பிலோமினா ஆன்ட்டி, மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுவின் தலைவி. நானோ சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டன்ட்; நாங்கள் சிலையை முத்தமிடுவதில்லை. ஆன்ட்டி தினமும் பூசைக்கு முன் சம்மனசின் கால் கட்டைவிரலை முத்தி செய்வார். எழிலுக்கு ஐ.டி. வேலை கிடைத்ததே அதனால்தான் என்பார். ஊருக்கே அந்த இடத்தைக் காட்டித்தந்தவரும் அவர்தான். கொடியேற்றத்தன்று எல்லோர் முன்னாலும் நானும் அங்கே முத்தி செய்தால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றார். எழிலுக்காக ஒரு முத்தம்தானே, கொடுத்துத் தொலைப்போம் என்று தலையாட்டிவிட்டேன்.

பஞ்சால் கரியை எடுக்க எடுக்க அவர் காலடிப் பாறைக்கு ஒரு காது முளைத்தது. அப்புறம் கொம்பு. சம்மனசின் கால் அதற்கும் மேலே, ஐந்து விரலோடு பத்திரமாக இருந்தது. இத்தனை வருடம் முத்தம் வாங்கியது, மிதிபட்டுக் கிடக்கும் சாத்தானின் மூக்கு. தேய்ந்து வழவழவென்று மின்னியது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு பயம் வந்தது. சொன்னால் ஆன்ட்டி ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். சொல்லாவிட்டால் சாத்தானுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் நான் தாலி வாங்க வேண்டும். அது என்னால் முடியாது. கூப்பிட்டுக் காட்டிவிட்டேன்.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். படியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரே என்று பதறிப் பக்கத்தில் போனால், சிரிக்கிறார்.

“எழிலுக்கு வேல குடுத்தது யாருன்னு இப்பதான் தெரியுது. அதான் லீவே குடுக்க மாட்றானுங்க.”

வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நம் இரண்டு பேருக்கு மட்டும்தான், மற்றவர்கள் இத்தனை நாள் முத்தி செய்தது சம்மனசின் காலைத்தான் என்றே நினைத்துக்கொள்வார்கள் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

“இது ஊட்ட வுட்டு வெளிய போவக்கூடாது, ஜெபா. உங்கப்பாவ வந்து பேசச் சொல்லு. நீ ஊட்டுக்குள்ள வந்துடு.”