பேரில் பாதி

பீரோவின் மேல்தட்டிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள் ராஜகுமாரி. அம்மாவுக்குக் கடைசியாகக் கட்டிவிட ஒன்று வேண்டும். நல்லதாக ஒன்றை எடுத்தால் அதை அம்மா உடுத்திப் பார்த்ததே இல்லை என்று ஞாபகம் வந்தது. உடுத்தியதாக எடுத்தால் அது நைந்துபோயிருந்தது. காலையில் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தது முதல் அவள் அழவில்லை. அழுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை தலைக்கு மேல் கிடந்தது.

“ரொம்பத் தேடாத. பொறந்த வீட்டுக் கோடி வரும்ல, அதத்தான் மேல போடணும்” என்றபடி வேலாயி உள்ளே வந்தார். அந்தமானின் இந்தச் சௌல்தாரியில் எந்தத் தமிழர் வீட்டில் துக்கம் என்றாலும் முறைகளைச் சொல்ல வேலாயிதான் வருவார். யாரும் கொடுத்த பதவி இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. ஆனாலும் ஆளாளுக்கு ஒரு ஜில்லாவிலிருந்து வந்து குடியேறிய இடத்தில் யாராவது ஒருத்தர் இப்படித்தான் என்று அடித்துச் சொன்னால்தான் பாடை நகரும்.

“மாமா ஃபிளைட் லேட்டு அத்தே. மெயின்லேண்ட்ல மழையாம்.”

“அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும். அதுக்குள்ள வந்துட்டாச் சரி.” வேலாயி கதவை ஒருக்களித்துச் சாத்தினார். குரலும் இறங்கியது. “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. தாய்மாமன் வந்ததும் பொண்ணுக்குக் கோடிச்சேல போடுவாரு. அது வசந்தாவுக்கு. அந்நேரம் நீ உள்ள இருந்துக்க. வெளிய நின்னு உனக்கு ஒண்ணும் போடாம விட்டா, பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உனக்கும் சங்கடம்.”

“சரி அத்தே” என்றாள் ராஜகுமாரி.

வேலாயி கெட்ட மனசுக்காரர் இல்லை. சொன்னதிலும் தப்பில்லை. ராஜகுமாரியைப் பெற்றவள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முகம்கூட ஞாபகமில்லை. சிலோனிலிருந்து வந்து அந்தத் தோட்டத்தில் வேலைக்கிருந்த அப்பா ஐயாவு, கைப்பிள்ளையோடு சிப்பிகாட் பண்ணைக்கு வேலை மாறி வந்தார். பிறகுதான் அவருக்கு வாழ்க்கைப்பட உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சுசீலா கப்பலேறி வந்தாள். வழியெல்லாம் வாந்தியெடுத்த முகத்தோடு கப்பல்துறையில் இறங்கியவள், அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்து முதலில் கேட்டது, “பாப்பா சாப்பிட்டுச்சா?”

அன்றிலிருந்து அந்த வீட்டில் சித்தி என்ற சொல் புழங்கியதில்லை. இன்றைக்கு முறை என்ற பேரில் அது வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டது. நான் மூத்த பெண், எனக்கும் அந்தச் சேலை வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேட்டு வாங்கினால் அது கோடியா?

கூடத்தில் தமிழ்ச் சங்கத்திலிருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. தலைமாட்டில் தங்கை வசந்தகுமாரி, அழுது வீங்கிய முகத்தோடு. பக்கத்து வீட்டு மண்டல் தீதி, “பேட்டி, தோடா சாய் பீ லோ” என்று எல்லார் கையிலும் டீயைத் திணித்துக்கொண்டிருந்தார்.

வசந்தா அக்காவை அருகே இழுத்தாள். “மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சுக்கா. ஃபிளைட் ஏறும்போது போன் பண்ணி, ஒச்சம்மாவ அழுகாம இருக்கச் சொல்லுன்றாரு. அது அம்மாச்சி பேரு. அவங்க செத்து எத்தன வருஷமாச்சு!”

“தங்கச்சி போன துக்கம். எதையாவது பேசுவாரு, விடு.”

அப்பா தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தார். என்னவோ சொல்ல வந்தவர் போலிருந்தது. மறுபடி குனிந்துகொண்டார்.

ராஜகுமாரி தங்கையின் கலைந்த தலையைக் கோதிவிட்டாள். இவளுக்குப் பேர் வைத்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அப்போது ஒண்ணாம் வகுப்பு. சேலைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா அவளை மடியில் இருத்தி, “உன் பேர்ல பாதி பாப்பாவுக்குத் தர்றியா?” என்று கேட்டாள். ராஜகுமாரி வெகுநேரம் யோசித்தாள். சும்மா கொடுத்துவிட முடியுமா? கடைசியில், “ராஜா எனக்கு வேணும். குமாரிய வேணா எடுத்துக்க” என்றாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் வசந்தகுமாரி ஆயிற்று.

அதனால் வந்த கூத்துக்குக் குறைவில்லை. அடுப்படியிலிருந்து “குமாரி!” என்று அம்மா ஒரு குரல் கொடுத்தால் இரண்டும் ஓடும். ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தால் இரண்டும் ஓடாது, உன்னைத்தான் உன்னைத்தான் என்று ஒன்றையொன்று தள்ளும். சண்டை வந்தால் ராஜகுமாரி, “என் பேரத் திருப்பிக் குடுடி” என்பாள். மூத்தவள் பொறாமைப்படக்கூடாது என்று அம்மா செய்த தந்திரம் அது என்றுதான் கல்யாணமாகிப் பாம்பூஃப்ளாட் போன பிறகும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தந்திரம்தான். பலித்தும்விட்டது.

நாலு மணி வாக்கில் ஆட்டோ வந்து நின்றது. வசந்தாவின் அழுகை வாசலுக்கு ஓடியது. வேலாயி ஒரு பார்வை பார்த்தார். ராஜகுமாரி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கட்டிலில், சேலைகளின் நடுவே உட்கார்ந்தாள். கதவிடுக்கு வழியாகக் கூடத்தில் பாதி தெரிந்தது.

மாமா கோவிந்தராஜ் பெட்டியின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்து அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“ஒச்சம்மா எங்கத்தா?”

“மாமா, அம்மாச்சி...” என்று வசந்தா தடுமாறினாள்.

“அம்மாச்சி இல்லத்தா. மூத்தவ. உங்கக்கா.”

வேலாயிதான் தொண்டையைச் செருமினார். “அவ உள்ள இருக்காளுங்க. அவ வந்து, சுசீலா வயித்துல பொறந்தவ இல்ல. மொதத் தாரத்துப் பிள்ள.”

“தெரியும்ங்க. எங்க வீட்டுல சண்டையே அதுலதான வந்துச்சு” என்றார் மாமா. அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். ராஜகுமாரி எழுந்து நின்றாள்.

“இங்கிட்டு ஏன்த்தா ஒக்காந்திருக்க?”

மாமா கட்டிலின் ஓரத்தில் சேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“எங்க பக்கம் மூத்த பொம்பளப் பிள்ளைக்குக் குலசாமி பேரு வைக்கணும். ஒச்சம்மா. எங்காத்தா பேரும் அதான். உன் தங்கச்சி பொறந்ததும் ஆத்தா வெள்ளிக்கொலுசு வாங்கி, கப்பலுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. சுசீலா எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசுறா. ‘அந்தப் பேரு மூத்ததுக்குத்தான? இது எனக்கு ரெண்டாவதும்மா. மூத்தவ பேரோட சேந்தாப்புல நான் வச்சுக்கிறேன்’ங்கிறா. ஆத்தா போன வச்சுட்டா. டிக்கெட்டையும் கிழிச்சுப் போட்டுட்டா.”

வாசற்படியில் வசந்தா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வேலாயி.

“ரொம்ப நாளு மகளோட பேச்சே இல்ல. அப்புறம் ஒரு சிவராத்திரிக்கு ஆத்தாவே சொன்னா. ‘அவ சொன்னதுதான்டா முறை. அப்ப மூத்தவதான் ஒச்சம்மா’ன்னு. அன்னைலருந்து எங்க வீட்டுல உனக்கு அதான் பேரு. கோயில்ல பொங்கல் வைக்கையில, அந்தமான் ஒச்சம்மாவுக்குன்னு சொல்லி ஒரு பிடி அரிசி போடாம இருந்ததில்ல.”

மாமாவோடு பேசிவிட்டுப் போனை வைக்கும்போதெல்லாம் “மாமா உன்னக் கேட்டாருடி” என்று அம்மா சொல்வாள். வசந்தாவிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒப்புக்குச் சொல்கிறாள் என்று ராஜகுமாரி அதைக் காதில் வாங்கியதே கிடையாது.

“அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லையே மாமா.”

“சொல்லக்கூடாதுன்னுட்டா. ‘மூத்தவளா எடுத்துக்கிட்டேன்னு அவகிட்டப் போய்ச் சொன்னா, அதுக்கு முன்னாடி அவ என் பிள்ள இல்லன்னு ஆயிரும்ல? பெத்தவ யாராச்சும் அப்படிச் சொல்லுவாளா’ன்னா. உங்கப்பன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா.”

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “இப்ப நான் சொல்லல. மச்சான்தான் சொன்னாரு.” அவர் யாரிடம் சொல்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் ராஜகுமாரி அழுதாள். நின்றபடியே, முகத்தை மூடாமல், பிள்ளையைப் போல அழுதாள். பேரில் பாதியைத் தானே பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததாக இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே! பெற்ற தாயோடு பேச்சற்றுப் போனாலும் பரவாயில்லை என்று ஒருத்தி தன்னை மூத்தவள் ஆக்கிவைத்துவிட்டு, அதைச் சொல்லாமலே சோறு பிசைந்து போட்டிருக்கிறாள். ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் நன்றி சொல்லும்படி அம்மா எதையும் வெளியே வைக்கவில்லை. கொடுத்துவைத்தவள் நான் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அந்த நினைப்பு கதகதப்பாக இருந்தது.

“வாத்தா, நேரமாச்சு” என்றார் மாமா.

முற்றத்தில் அவர் பையைத் திறந்தார். அம்மாவுக்கு மஞ்சள் சேலை. அதற்கடியில் பச்சைக்கரை போட்ட இரண்டு சேலைகள், ஒரே மாதிரி. கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, யார் முதலில் என்று கேட்காமலே வேலாயி ராஜகுமாரியின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினார்.

“மூத்தவளுக்குப் போடுங்க. அதான் முறை” என்றார் கணீரென்று, காலையிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

அப்பாவே கொள்ளி வைத்தார். எல்லாரும் திரும்பி வந்து குளித்தபோது வெளிச்சம் போய்விட்டது. மண்டல் தீதி பெரிய சட்டியில் கிச்சடி கொண்டுவந்து வைத்திருந்தார். வசந்தா அக்காவின் தோளில் சாய்ந்து, “பாதிப் பேர இனிமே திருப்பிக் கேக்க மாட்டேல்ல?” என்றாள். ராஜகுமாரி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மாமா வாசல் விளக்கின் கீழ் நின்று ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா, முடிஞ்சது. நல்லபடியா முடிஞ்சது. இங்கனதான் இருக்கா, இரு.” அவர் போனை ராஜகுமாரியிடம் நீட்டினார். “உங்கத்தை.”

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக் காதில் வைத்தாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இதுவரை கேட்டிராத ஒரு குரல் மெதுவாக, “யாரு, ஒச்சம்மாவா?” என்றது.

“ஆமா அத்தே” என்றாள்.

“சாப்பிட்டியாத்தா?”

“இன்னும் இல்ல அத்தே. இப்பத்தான் தட்டு வைக்கிறாங்க.”