ஒஃபெலி வாசித்த தரப்பு

கனடாவில், வில்லரேயில் உள்ள ஒரு பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியில் இரவிச்சந்திரன் பதினான்கு வருடங்களாக வரலாறு படிப்பிக்கிறார். அரசியலில் இழுபறியான விடயம் எதுவானாலும் இரு பக்கத்தையும் சமமாக வைக்க வேண்டும், ஆசிரியர் தன் கருத்தை வெளிவிடக் கூடாது என்று அங்கே விதி. மற்ற ஆசிரியர்கள் அதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்கள். அவருக்கு அது வசதியாக இருந்தது. தன்னைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நவம்பரில் மாணவர்கள் தாங்களே விவாதத் தலைப்புத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழு இலங்கைப் போரின் கடைசி நாட்களை எடுத்தது. அவர் தடுத்திருக்கலாம். தடுத்தால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதாகிவிடும் என்று விட்டுவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் அரசாங்கத்தின் தரப்பு ஒஃபெலிக்கு விழுந்தது. பதினைந்து வயது, எதையும் திருத்தமாகச் செய்கிற பிள்ளை.

விவாத நாளன்று முதல் தரப்பினர், இராணுவத்திடம் சரணடைந்து, பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் காணாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லி முடித்தார்கள். அடுத்து எழுந்த ஒஃபெலி தாளை விரித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மிஸ்யூ, நீங்கள் அந்த நாட்டுக்காரர்தானே? இதில் எது உண்மை?"

'அதை நீங்கள்தான் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும்' என்ற பதில் எப்போதும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை.

"என் கருத்தை நான் சொல்லக் கூடாது. ஆனால் அப்படியொரு பேருந்தில் என் தங்கை ஏறினாள். கண்டவர்கள் இருக்கிறார்கள். அவள் பெயர் தனுஷா. அதற்குப் பிறகு தகவல் இல்லை."

ஒஃபெலி தாளை நான்காக மடித்தாள். "என்னால் இதை வாசிக்க முடியாது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி அதிபர் கூப்பிட்டார். ஒரு பிள்ளையின் பெற்றோர் முறைப்பாடு எழுதியிருந்தார்கள். அதிபர் கடுமையான பெண் அல்ல. கதவைச் சாத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"நீங்கள் கருத்து எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பேச இடமில்லாமல் போய்விட்டதே, இல்லையா?"

நடந்ததைச் சொல்வது கருத்தாகாது என்று வாதாடத்தான் அவர் போயிருந்தார். அந்தப் பிள்ளை தாளை மடித்த விதம் நினைவுக்கு வந்தது. "ஓம்" என்று தமிழில் வாய்க்கு வந்துவிட்டது. பிறகு அதையே பிரெஞ்சில் சொன்னார்.

அடுத்த வகுப்பில் ஒஃபெலியை எழுப்பினார். "நீ எழுதியதை முழுவதும் வாசி."

"உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா?"

"இருக்கும். வாசி."

அவர் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். அவள் சின்னக் குரலில் வாசித்தாள். சரணடைந்தவர்களின் பட்டியல் எதுவும் இல்லை என்றிருந்தது. போரில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்றிருந்தது. பதினாறு வருடங்களாக இதையெல்லாம் வாசித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கணினியை மூடியவர் அவர். பிறகு அவள் இதை வாசித்தாள்:

"காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர் வெளிநாடுகளில் வேறு பெயர்களில் வாழ்கிறார்கள்."

அதிகாரிகள் சொன்னபோது அது அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வஞ்சகம் தெரியாத ஒரு பிள்ளையின் வாயில் அது வெறும் செய்தியாக வந்தது. வெளிநாடு. வேறு பெயர். ஏதோ ஒரு நகரத்தில் தனுஷா பேருந்துக்கு நிற்கிறாள், குளிருக்குக் கையைத் தேய்க்கிறாள். அண்ணனை மறந்திருக்கட்டும், ஒரு கடிதம்கூடப் போடாமல் இருக்கட்டும். அது உண்மையாக மட்டும் இருக்கட்டும். அப்படி ஓர் ஆசை வர, அவர் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

புள்ளி போடும்போது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் செய்தார். அந்த வசனத்தின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, 'ஆதாரம் எங்கே?' என்று எழுதினார். எழுதிய பிறகும் பேனாவைக் கீழே வைக்காமல் அந்த வசனத்தையே திரும்ப வாசித்தார்.

பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள தன் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி நிரஞ்சனி முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கிறியள்?"

நடந்ததைச் சொன்னார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். அவள் தனுஷாவைக் கண்டதில்லை. பள்ளிச் சீருடையில் எடுத்த ஒரு படம்தான் தெரியும். அவர் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது தங்கைக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு வளர்ந்த முகம் அவருக்கே தெரியாது.

"அதை நீங்கள் நம்பிறியளே?"

"இல்லை. ஆனா உண்மையா இருந்தா எவ்வளவு நல்லா இருக்குமெண்டு நினைச்சுப்போட்டன். இனி அதை நினைக்காம இருக்கேலாது."

சனிக்கிழமை இருவரும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனார்கள். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். தனுஷாவுக்கும் இப்போது அந்த வயதுதான் இருக்கும். இரவிச்சந்திரன் நின்றுவிட்டார். அவள் திரும்பினாள். வேறு யாரோ. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், அவளையும் பார்த்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற நிரஞ்சனிக்கு விளங்கியது. "இன்னும் கொஞ்சம் நிண்டு பாப்பம்" என்றாள்.