எரியாத வீட்டை இடிக்கும் கொக்கி

பிப்ரவரியில் வீடு எரிந்துபோன பிறகு ரொஸ்வித்தாவும் அவள் கணவன் டெட்லெஃபும் ரொட்டிக்கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள். தீயில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூனைகூடத் தப்பிவிட்டது. அதைத்தான் ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் சொன்னார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். முதல் சில நாட்கள் அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள். காலையில் எழுந்து காப்பி போட்டாள். ஏதோ தொழிற்சாலையின் இயந்திரக் கையேடுகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினாள். அவள் தொழில் அதுதான். வேலையில் ஒரு பிழை இல்லை. முன்பைவிடச் சுத்தமாகவே இருந்தது.

டெட்லெஃப் அப்படியில்லை. அவன் கோபத்திலேயே எழுந்தான், கோபத்திலேயே படுத்தான். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவன் கெர்னோட், அவனுடைய அத்தை மகன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"எங்க வீடு எரியுது. இவனுங்க பக்கத்து வீட்டுச் சுவரக் கழுவிட்டு நின்னானுங்க." இதைக் கேட்க ஆள் கிடைத்தால் போதும் அவனுக்கு.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கெர்னோட் மாடியேறி வந்தான். டெட்லெஃப் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கெர்னோட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ரொஸ்வித்தா, ஒரு உதவி. படைக்கு இந்த வருஷம் நூத்தம்பது வயசு. அடுத்த மாசம் இங்கிலாந்துலேர்ந்து தீயணைப்புக்காரங்க விருந்துக்கு வராங்க. பழைய சாமானெல்லாம் தூசி தட்டி வரிசையா வச்சிருக்கோம். ஒண்ணுக்கும் இங்கிலீஷ்ல பேர் தெரியல. நாங்கல்லாம் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துல, பள்ளிக்கூடத்துல ருஷ்யன் படிச்ச ஆளுங்க. உன்ன விட்டா ஊர்ல வேற யாரு?"

"சரி."

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தொப்பியை ஒருமுறை சுற்றிவிட்டு இறங்கிப்போனான்.

உள்ளறைக் கதவு திறந்தது. "அவனுக்கா வேலை செய்யப்போற? உனக்குச் சூடு சொரணை இருக்கா?"

"இல்ல." அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

பழைய வண்டிக் கொட்டகையில் கெர்னோட் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்ட, அவள் எழுதிக்கொண்டாள். முதலில் நீண்ட கழியின் நுனியில் சாக்கு சுற்றிய ஒன்று. ஈரமாக்கி, கூரையில் விழும் பொறியை அடித்து அணைப்பதற்கு. அதன் ஜெர்மன் பெயரான 'பாட்ஷே'யில் குழந்தை தண்ணீரைக் கையால் தட்டும் சத்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபயர் பீட்டர். சத்தம் போய்விட்டது, அடி மட்டும் மிஞ்சியது. அடுத்தது இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் நின்று மாற்றி மாற்றி அழுத்தும் பம்பு வண்டி.

"இதுக்கு நாம சொல்ற பேரும் டாக்டர் ஊசிக்குச் சொல்ற பேரும் ஒண்ணுதானே," என்றான் கெர்னோட். "இங்கிலீஷ்ல அப்படியே போட்டுடாத. ஊசி போட எட்டு ஆளான்னு வந்தவங்க பயந்துடப்போறாங்க."

அது வேடிக்கை என்பது அவளுக்குப் புரிந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

தோல் குழாய்க்கு அந்தக் காலத்தில் பாம்பு என்றுதான் பெயராம். ஆங்கிலத்தில் வெறும் ஹோஸ். மாடியிலிருந்து குதிக்கிறவர்களைப் பிடிக்கும் துணி ஜம்பிங் ஷீட் ஆனது. இப்படியே ஒரு சுவர் முடிந்தது.

அடுத்த சுவரில் ஒரு கொக்கி தொங்கியது. மூன்று ஆள் நீளக் கழி, நுனியில் கனமான இரும்பு, அதில் இரண்டு வளையங்கள், வளையங்களில் கயிறு.

"ஐன்ரைஸ்ஹாக்கன்," என்றான் கெர்னோட்.

இடித்து இழுக்கும் கொக்கி. பெயர் அவளுக்குத் தெரியும். "ஃபயர் ஹுக்னு சொல்லுவாங்க," என்றாள். எழுதவும் தொடங்கிவிட்டாள். பிறகு பேனாவை நிறுத்தினாள். ஆங்கிலப் பெயரில் நெருப்பு இருந்தது, இடிப்பது இல்லை. "இத வச்சு எத இடிப்பாங்க? எரியற வீட்டையா?"

"சில சமயம் அத. பெரும்பாலும் பக்கத்து வீட்ட. இன்னும் எரியாதத. உத்தரத்துல கொக்கிய மாட்டி, பத்துப் பதினஞ்சு பேர் கயித்தப் பிடிச்சு இழுப்பாங்க. நடுவுல இடைவெளி விழுந்துட்டா நெருப்பு அதத் தாண்டாது. மிச்சத் தெரு பிழைக்கும்."

"வீட்டுக்காரங்க?"

"நின்னு பார்ப்பாங்க." அவன் கொக்கியின் இரும்பைக் கட்டைவிரலால் தேய்த்தான். "இப்ப இடிக்கறதில்ல. தண்ணிய எங்க அடிக்கறதுங்கறதுலயே எல்லாம் முடிஞ்சிடும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. விரல் நின்றது.

ரொஸ்வித்தா கேட்டாள். "எங்க வீடு போகட்டும்னு எப்ப கைவிட்டீங்க?"

கெர்னோட் தரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். "வண்டியிலேர்ந்து இறங்கினதுமே. உங்க கூரை உள்ள விழுந்துடுச்சு. காத்து பக்கத்து வீட்டுக் கேகல் பக்கம் அடிச்சுது. அவங்க கொட்டாய்ல வைக்கோல், அதுக்குப் பின்னாடி வரிசையா நாலு வீடு. நான்தான் சொன்னேன், குழாயெல்லாம் அந்தப் பக்கம் திருப்புங்கன்னு. பசங்க ரெண்டு தடவ கேட்டானுங்க. ரெண்டு தடவயும் நான்தான் சொன்னேன். டெட்லெஃப் என் சட்டையப் பிடிச்சு உலுக்கினான்."

அவள் தனக்குள் தேடிப்பார்த்தாள். கோபம் இல்லை. துக்கமும் இல்லை. எல்லாம் எங்கேயோ தள்ளி, வேறு யாருக்கோ நடந்ததாக இருந்தது. கெர்னோட் திட்டு வாங்கத் தயாராகத் தோளை இறுக்கிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். அவனுக்குக் கொடுக்க அதுகூட அவளிடம் இல்லை.

"அடுத்தது என்ன?" என்றாள்.

மூலத்தில் இல்லாத ஒரு சொல்லையும் அவள் மொழிபெயர்ப்பில் சேர்த்ததில்லை. அந்த வழக்கத்தை அன்று மாலை மீறினாள். விருந்தாளிகள் படிக்கச் சாமான்களுக்கு முன்னால் வைக்கும் அட்டைகளில் மற்றவற்றுக்கெல்லாம் பெயரோடு முடித்துக்கொண்டவள், கொக்கியின் அட்டையில் மட்டும் மூன்று வாக்கியம் கூடுதலாக எழுதினாள். 

ஜூனில் விழா நடந்தது. சதுக்கத்தில் கூடாரம், பித்தளை வாத்தியம், பீர். டெட்லெஃப் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சட்டை மாற்றி வந்தான். கொட்டகைக்குள் கைகளைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். கொக்கியின் முன் இரண்டு ஆங்கிலேயர்கள் நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாய்விட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்னத்தப் படிச்சுட்டு இப்படி நிக்கறாங்க?" என்று டெட்லெஃப் மனைவியிடம் கேட்டான். "என்ன எழுதியிருக்க?"

அவள் அவனுக்காகத் திரும்ப ஜெர்மனில் சொன்னாள். "இடிக்கும் கொக்கி. நெருப்பு பரவாமல் இருக்க, இன்னும் எரியாத வீட்டை இதைக் கொண்டு இடிப்பார்கள். எந்த வீடு என்பதைப் படைத்தலைவர் முடிவு செய்வார். வீட்டுக்காரரிடம் கேட்க மாட்டார்கள்."

டெட்லெஃப் கழியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப்பார்த்தான். கனத்தது. வாசலருகில் விருந்தாளிகளோடு நின்றிருந்த கெர்னோட் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்தான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு டெட்லெஃப் அவனோடு பேசினான். "காத்து எங்க பக்கம் அடிச்சு, கேகல் வீடு எரிஞ்சிருந்தா?"

"அவங்க வீட்டக் கைவிட்டிருப்பேன்."

"யோசிக்காமலா?"

"யோசிக்க நேரம் ஏது."

டெட்லெஃப் கழியை விட்டான். "அப்ப நான் உனக்கு பீர் வாங்கிக் குடுத்திருப்பேன். கேகல்கிட்ட போய், மனசு விட்டுடாதப்பான்னு தோள்ல தட்டியிருப்பேன்." அவன் முகம் கோணியது. "வீடு உன்ன மன்னிக்காது. நானும் இன்னும் மன்னிக்கல. தெரிஞ்சுக்க."

"சரி," என்றான் கெர்னோட்.

பிறகு மூவரும் கூடாரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், வேறு இடம் இல்லாததால். வறுத்த சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் வந்தன. டெட்லெஃப் கெர்னோட்டின் பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் கடுகு விழுதுப் பாத்திரத்தைத் தான் எடுத்துக்கொண்டபின் அவன் பக்கம் தள்ளிவைத்தான்.

ரொஸ்வித்தா முள்கரண்டியை எடுத்தாள். அது தட்டில் மோதிக் கிணுகிணுவென்று சத்தமிட்டது. குளிர் இல்லை, நல்ல வெயில். கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் அப்படித்தான். கையை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

"என்ன, சாப்பிடல?" என்றான் டெட்லெஃப்.

"இரு," என்றாள். "கொஞ்சம் இரு."