தலைவின்னு போடாதீங்க சேர்

ஏஞ்சலின் டீச்சர் எங்கள் ஆசிரியர் சங்கக் கிளையின் தலைவராகத் தெரிவானதும், நாகலிங்கம் சேர் நோட்டீசில் 'தலைவி' என்று அடித்துவிட்டார். பழைய தலைவர் அவர்தான். கேட்டால், மரியாதையாகத்தான் போட்டாராம்.

"தலைவின்னு போடாதீங்க சேர். தோட்டத்துல தலைவின்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஏஞ்சலின்.

எங்கள் தேயிலை, றப்பர் தோட்டங்களில் தலைவர் என்றால் தொழிலாளருக்காகத் தோட்டத் துரையோடு பேசுகிறவர். தலைவி என்றால் மாதர் தலைவி. கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டுவாள், மேடைக்குத் தேத்தண்ணி கொடுப்பாள், பேசமாட்டாள். எங்களோடு படிப்பிக்கும் மல்லிகாவின் மாமியார் மூக்காயி, குருவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நெடுங்காலமாக மாதர் தலைவி. படித்தவர்கள் என்று பெயர்தான், எங்கள் சங்கமும் அப்படித்தான் இருந்தது. வெயிலில் நின்று கோஷம் போட டீச்சர்மார், உள்ளே போய்ப் பேச சேர்மார்.

ஏஞ்சலின் கைப்பிள்ளையோடு சங்கத்தில் சேர்ந்தவர். அந்தப் பிள்ளை இப்போது கம்பஸில் படிக்கிறாள். "ஞாயித்துக்கிழம வீட்டுல இருப்பீங்களா?" என்றுதான் ஒவ்வொரு டீச்சரிடமும் ஆரம்பிப்பார். சொன்னபடி வந்துவிடுவார். புருஷன்மாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தியாகச் சங்கத்துக்குள் இழுத்து வந்தார். என் வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு அந்த நாய்க்கு பிஸ்கட்டோடு வந்து நின்றார்.

மல்லிகா மாசமாக இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு இடமாற்றம் வந்தது. ரத்துச் செய்யச் சொல்லி நாங்கள் அத்தனை டீச்சர்மாரும், கூடவே நாகலிங்கம் சேரும் கல்விக் கந்தோருக்குப் போனோம்.

பியோன் கல்விப் பணிப்பாளரின் அறைக் கதவைத் திறந்து, "சபாபதி கவ்த?" என்றான். தலைவர் யார் என்று சிங்களத்தில் கேட்கிறான். நாகலிங்கம் சேர் பழக்கதோஷத்தில் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மம தமய்," என்றார் ஏஞ்சலின். நான்தான்.

பியோன் மறுபேச்சில்லாமல் வழிவிட்டான். சபாபதி ஆணா பெண்ணா என்று அவனுக்கு என்ன கவலை? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஏஞ்சலின், நாகலிங்கம் சேர், நான், மூவரும் உள்ளே போனோம். பணிப்பாளர் நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பலமு," என்று எழுந்தார். பார்ப்போம் என்று அர்த்தம். இத்தனை வருஷமாக நாகலிங்கம் சேர் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வந்து எங்களிடம் வெற்றி என்பார். இப்போதும் நன்றி சொல்லி எழுந்துவிட்டார். நானும் பாதி எழுந்தேன்.

ஏஞ்சலின் எழும்பவில்லை.

"லியலா தென்ன சேர்," என்றார் அமைதியாக. எழுதித் தாருங்கள். பிறகு ஜன்னலைக் காட்டி, எழுத்து இல்லாமல் வெளியே போனால் அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று சிங்களத்திலேயே சொன்னார்.

பணிப்பாளர் எட்டிப் பார்த்தார். முற்றம் நிறைய டீச்சர்மார். ஒருத்திகூட நிழலுக்கு ஒதுங்கவில்லை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்த கூட்டம். அவர்களில் ஒருத்தி என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அவர் மறுபடி உட்கார்ந்து கிளார்க்கைக் கூப்பிட்டார்.

ரத்துக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மல்லிகா மாமியாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"பேசின சேரு நல்லா இருக்கணும்," என்றார் மூக்காயி.

"சேர் இல்ல மாமி. ஏஞ்சலின் டீச்சர்தான் பேசினாங்க."

"ஓ, மாதர் தலைவியா?"

"இல்லம்மா, தலைவரு," என்றது நாகலிங்கம் சேரின் குரல். நாங்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

மூக்காயியின் குரல் போனில் ஓங்கியது.

"அப்ப நான் மட்டும் ஏன்டி இன்னும் தேத்தண்ணி குடுத்துக்கிட்டு நிக்கிறேன்?"

ஏஞ்சலின் கை நீட்டிப் போனை வாங்கினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழம வீட்டுல இருப்பீங்களா?"