கயிறு போட்டுக் கிளப்பிய மோட்டார்

பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே பல்பர் மெஷினில் போட்டுத் தோல் உரித்தாக வேண்டும், விட்டால் புளித்துவிடும். மஞ்சக்குட்டையில் கலாவின் வாசலில் பழம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பல்பரின் மோட்டாரோ சுவிட்சைப் போட்டால் உறுமியதே தவிர, அசையவில்லை.

சேதி எப்படித்தான் எட்டியதோ, வியாபாரி யுவராஜ் ஜீப்போடு வந்துவிட்டான்.

"பழமாவே குடுத்துருங்க. நாளைக்கு யாரும் தொடமாட்டாங்க," என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டான். போன வருஷமும் அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனான்.

கலா மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒண்டிக்கடை முக்கில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் சலீமாவுக்குப் போன் போட்டு, மோட்டார் உறுமுவதைச் சொன்னாள்.

"கண்டென்சர் போயிருக்குங்கக்கா. எங்கிட்ட அந்த சைஸ் இல்லீங்க. ரோட்டுல மண்ணு சரிஞ்சு, அடிவாரத்துலிருந்து வண்டியே ஏறல."

"அது இல்லாம ஓடாதுங்களா?"

"ஓடும், ஆனா கெளம்பாது. உள்ள ரெண்டு சுருள் இருக்குங்க. ஒண்ணுல கரண்ட கண்டென்சர் கொஞ்சம் முந்திக்க வெக்கும். அந்த முன்னபின்னதான் சக்கரத்தத் தள்ளிவிடுது. தள்ளு இல்லாட்டி எந்தப் பக்கம் சுத்தறதுன்னு தெரியாம உறுமிட்டே கெடந்து கருகிரும்."

"தள்ளுதானுங்களே? நானே தள்ளிக்கறேன்."

"கைய வெச்சுராதீங்கக்கா. கயித்தச் சுத்தி இழுங்க, சுத்தினப்பறம் சுவிட்சப் போடுங்க."

கலா தாம்புக்கயிற்றை மோட்டார் சக்கரத்தில் சுற்றினாள். நாத்தனார் கண்ணாயியைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மோட்டார் என்னங்க, பம்பரமா?" என்று யுவராஜ் சிரித்தான்.

இழுத்தாள். கண்ணாயி சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் ஓடியது, ஆனால் பின்பக்கமாக. கயிற்றை மாற்றிச் சுற்றியிருந்தாள். அவன் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கலா நிறுத்தச் சொல்லி, சக்கரம் அடங்கும்வரை காத்திருந்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தாள்.

இந்தத் தடவை பல்பர் சரியான பக்கம் சுழன்றது. முதல் கூடையைக் கொட்டினாள். வழவழவென்று கொட்டைகள் தொட்டியில் விழுந்தன.

நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் மோட்டார் நின்றது, ஒவ்வொரு தடவையும் அவள் இழுத்தாள். உள்ளங்கை கன்றிப்போனது. கண்ணாயி மாற்றிக்கொள்கிறேன் என்றதற்கும் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் தீர்ந்தன.

யுவராஜ் அதுவரை ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தான். "செரி, விலையக் கொஞ்சம் ஏத்தித் தர்றேன்," என்றான்.

"பழந்தான் இல்லீங்களே," என்றாள் கலா, கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி. "கொட்டை காயட்டும். அப்பறமா வாங்க. விலைய நான் சொல்றேன்."